ராதாகிருஷ்ணன் படித்த ஊரில் அறவியல் பாடம்

வெளியூர்க்காரர் யாராவது வாலாஜாவைச் சின்ன ஊர் என்று சொல்லிவிட்டால் எங்கள் ஆட்களுக்குப் பொறுக்காது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் எதுவரைக்கும் வந்தது தெரியுமா என்று ஆரம்பிப்பார்கள். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் கிளம்பிய ரயில் வந்து நின்ற இடம் வாலாஜா ரோடு. அடுத்து, 1866இலேயே நகராட்சி ஆன ஊர் இது என்பார்கள். அதற்கும் எதிராளி மசியவில்லை என்றால் கடைசி அஸ்திரம்: டாக்டர் ராதாகிருஷ்ணன் இங்கே படித்தவர்.

அது உண்மைதான். 1888இல் திருத்தணியில் பிறந்தவர், திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளி, வாலாஜாபேட்டை என்கிற எங்கள் வாலாஜாவின் அரசுப் பள்ளி, வேலூர் ஊரீஸ் கல்லூரி, சென்னை கிறித்தவக் கல்லூரி என்று படிப்படியாகப் போனவர். செப்டம்பர் 5 வந்தால் எல்லாப் பள்ளியிலும் அவர் படத்துக்கு மாலை விழுகிறது. ஆனால் அவர் எதைப் படித்து அந்தப் பெயரை எடுத்தார் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். "ஜனாதிபதியா இருந்தார் மிஸ்" என்பார்கள். தத்துவம் என்று சொல்லும் பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. நான் மாலையில் டியூஷன் எடுப்பவள். பிளஸ் ஒன், பிளஸ் டூ கலைப்பிரிவுப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் வருவார்கள். இதை எழுதத் தோன்றியதும் அவர்களால்தான்.

ராதாகிருஷ்ணன் ஆசைப்பட்டுத் தத்துவம் எடுத்தவர் இல்லை. வீட்டில் பணக் கஷ்டம். அதே படிப்பை முடித்திருந்த உறவுக்கார அண்ணன் ஒருவர் தன்னுடைய தத்துவப் புத்தகங்களைச் சும்மா கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சம் என்று அந்தப் பாடத்திலேயே சேர்ந்துவிட்டார். நம் வீடுகளில் இன்றைக்கும் அக்காவின் புத்தகம் இருக்கிறது என்பதற்காகக் காமர்ஸ் எடுக்கும் தங்கைகள் உண்டு, அந்த மாதிரிதான். அப்படித் தற்செயலாகப் போய்ச் சேர்ந்தவர் 1908இல் எம்.ஏ. பட்டத்துக்கு எழுதிய ஆய்வின் பொருள், வேதாந்தத்தின் அறவியல்.

அந்தத் தலைப்பை எடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. உலகம் மாயை என்று சொல்லும் வேதாந்தத்தில் நல்லது கெட்டதுக்கு இடமே கிடையாது என்று மிஷனரிகள் விமரிசித்து வந்த காலம் அது. இவருக்கு அது உறுத்தியது. இடம் உண்டு என்று வாதம் கட்டினார். அவருக்குப் பேராசிரியராக இருந்த ஏ.ஜி. ஹாக் என்பவரும் ஒரு மிஷனரிதான். தன் தரப்புக்கு எதிராக எழுதிய இருபது வயதுப் பையனை அவர் கூப்பிட்டுக் கண்டிக்கவில்லை; நன்றாக எழுதியிருக்கிறாய் என்று பாராட்டினார். ஆசிரியர் தினத்தில் யாரும் சொல்லாத கதை இது. எனக்கென்னவோ மாலை ஹாக்குக்கும் சேர்த்துப் போட வேண்டும் என்று தோன்றும்.

சரி, இன்றைக்கு வாலாஜாவில் ஒரு பிள்ளை அறவியல் படிக்க ஆசைப்பட்டால்?

பாடம் இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. தமிழ்நாடு மேல்நிலைப் பாடத்திட்டத்தில் 'அறவியலும் இந்தியப் பண்பாடும்' என்று ஒரு பாடம் உண்டு. புதுப் பாடத்திட்டம் வந்தபோது 2018இல் பதினொன்றுக்கும் 2019இல் பன்னிரண்டுக்கும் புத்தகங்கள் வந்தன. ஆனால் எந்தப் பள்ளியில் அது பாடப்பிரிவில் இருக்கிறது என்று தேடினால்தான் கஷ்டம் தெரியும். எனக்குத் தெரிந்த பள்ளிகளில் எல்லாம் வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப் பதிவியல் என்று நான்கோடு கலைப்பிரிவு முடிந்துவிடுகிறது.

புத்தகத்தை நான் டவுன்லோடு செய்து படித்தேன். நல்ல தமிழில் இருக்கிறது, உழைத்திருக்கிறார்கள். குறை என்னவென்றால் தலைப்பில் அறவியல் முன்னால் நிற்கிறது, உள்ளே பண்பாடுதான் முக்கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வேதகாலம், சமணம், பௌத்தம், பக்தி இயக்கம், கலைகள் எல்லாம் வருகின்றன. படித்தால் பொது அறிவு வளரும், சந்தேகமில்லை. ஆனால் 'இது சரியா, ஏன் சரி, இன்னொருத்தர் தப்பு என்றால் அவருக்கு என்ன பதில்' என்று ஒரு பிள்ளையை உட்கார்ந்து யோசிக்க வைக்கும் பக்கங்கள் குறைவு. எல்லாப் பாடத்துக்கும் நேரும் விதி இதற்கும் நேர்கிறது: ஒரு மதிப்பெண் வினா, கோடிட்ட இடம், பொருத்துக. அறத்தைப் பொருத்துக என்றால் எதோடு பொருத்துவது?

கீழ் வகுப்புகளில் நீதிபோதனை பீரியட் இருக்கிறது. அட்டவணையில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அரையாண்டு நெருங்கினால் அது கணக்குக்குப் போய்விடும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், திருக்குறள் எல்லாம் தமிழ்ப் பாடத்தில் மனப்பாடப் பகுதியாக வந்துவிடுகின்றன. மனப்பாடத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பத்து வயதில் மனத்தில் பதிந்த குறள் நாற்பது வயதில் தானாக வந்து நிற்கும். என் வருத்தம், பதினாறு வயதிலும் அதை ஒப்பிக்கச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறோம் என்பதுதான்.

மனுநீதிச் சோழன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கெல்லாம் தெரிந்த கதை. மகனின் தேர்க்காலில் அகப்பட்டுக் கன்று இறந்தது, பசு மணியடித்தது, அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான், என்ன நீதி! கலெக்டர் மனு வாங்கும் நாளுக்கே மனுநீதி நாள் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் பெரியபுராணத்தில் இந்தக் கதை இன்னும் ஒரு சுற்று ஓடுகிறது. அரசன் முதலில் மந்திரியைத்தான் கூப்பிட்டு, தேரை ஏற்று என்று ஆணையிடுகிறான். மந்திரி ஆணையை மீறவும் முடியாமல், இளவரசனைக் கொல்லவும் மனம் வராமல் தன் உயிரை விட்டுவிடுகிறார். அதற்குப் பிறகுதான் அரசன் தானே தேரோட்டுகிறான். கடைசியில் சிவபெருமான் வந்து கன்று, மகன், மந்திரி எல்லாரையும் எழுப்பித் தருவதால் கதை சுபமாகிறது.

எந்தப் பள்ளிப் புத்தகத்தில் அந்த மந்திரி வருகிறார்? டியூஷனில் அவரை நான் வரவழைத்தேன். "மந்திரி செஞ்சது சரியா?" என்று கேட்டேன். ஒரு பையன், "வேலையை ரிசைன் பண்ணியிருக்கலாமே மிஸ்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் யோசித்தால் சிரிக்கிற பதிலா அது? மேலதிகாரி தப்பான உத்தரவு போட்டால் கீழே இருப்பவன் என்ன செய்வது என்ற கேள்வி நாளைக்கு அவன் வி.ஏ.ஓ. ஆனாலும், கம்பெனியில் சூப்பர்வைசர் ஆனாலும் வந்து நிற்கப்போகிறது. இன்னொரு பெண், தெரியாமல் நடந்த விபத்துக்கும் தெரிந்து செய்த கொலைக்கும் ஒரே தண்டனையா என்று பிடித்துக்கொண்டாள். அன்றைக்குப் பொருளியல் பாடம் நடக்கவில்லை.

திருக்குறளின் வாய்மை அதிகாரமும் அப்படித்தான். குற்றமில்லாத நன்மை விளையும் என்றால் பொய்யும் உண்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் விட்டுக்கொடுத்துப் பேசுகிறார். ஜெர்மனியில் காண்ட் என்ற தத்துவ அறிஞர் 1797இல் ஒரு கட்டுரை எழுதினார். கொலைகாரன் துரத்தி வருகிறான், உன் நண்பன் உன் வீட்டில் ஒளிந்திருக்கிறான், வாசலில் நின்று 'உள்ளே இருக்கிறானா' என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று அடித்துச் சொல்லிவிட்டார். இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்தால் பிளஸ் ஒன் வகுப்புக்கு ஒரு வாரம் ஓடும். இதில் வள்ளுவர் கட்சி ஜெயிக்கும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் 'குற்றமில்லாத நன்மை' என்று யார் தீர்மானிப்பது என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் காண்ட் மறுபடி எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

மேல்நாட்டு வகுப்புகளில் ட்ராலி கதை ஒன்று ரொம்பப் பிரபலம். பிலிப்பா ஃபுட் என்ற ஆங்கிலேயப் பெண் தத்துவ அறிஞர் 1967இல் கிளப்பிவிட்டது. பிரேக் பிடிக்காத வண்டி, ஒரு தண்டவாளத்தில் ஐந்து பேர், இன்னொன்றில் ஒருவர், எந்தப் பக்கம் திருப்புவாய்? இதை யூடியூபில் பார்த்துவிட்டு ஒரு பையன் வந்து கேட்டான். நான் சொன்னேன், நமக்கு ட்ராலி வேண்டாம்டா, தோல் ஆலைக் கழிவு ஓடுற பாலாறு இருக்கு.

அன்றைக்குப் போர்டில் ஒரு கணக்கு மாதிரி எழுதிப் போட்டேன். கற்பனைதான். ஒரு டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலை. முந்நூறு பேருக்கு வேலை. கழிவுநீரை ஒழுங்காகச் சுத்தம் செய்தால் செலவு ஏறும், ஐம்பது பேரை நிறுத்த வேண்டி வரும். செய்யாமல் விட்டால் கீழ்ப்பக்கத்து ஐந்து ஊர்க் கிணறுகள் கெடும். நீங்கள்தான் முதலாளி. என்ன செய்வீர்கள்?

முதல் பதில் எல்லாம் புத்தகப் பதில். "சுற்றுச்சூழலைக் காப்பது நம் கடமை" என்று ஒருத்தன் எழுந்து நின்று சொன்னான். ஒரு மாணவியின் அப்பா டேனரியில் ஃப்ளெஷிங் மிஷினில் நிற்பவர், தோலின் உட்பக்கத்துச் சதையை வழிக்கிற வேலை. அவள் திரும்பிப் பார்க்காமலே, "அந்த அம்பது பேர்ல உங்க அப்பா இருந்தா சொல்லு" என்றாள். அறை கொஞ்ச நேரம் அமைதியானது. பிறகு ஒரு பையன், வழக்கமாக வாய் திறக்காதவன், "எங்க தாத்தா நிலத்துல தென்னை பூரா போச்சு. அவரும் யாரையும் கேக்கல" என்றான். அம்மா ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு பஸ்ஸில் போய்வரும் இன்னொரு பெண் கேட்டது எனக்குப் பிடித்தது: "வெளிநாட்டுக்காரன் ஷூவுக்கு இன்னும் கொஞ்சம் கூடக் குடுத்தா அந்த அம்பது பேரை நிறுத்தவே வேணாமே. அவனை ஏன் மிஸ் கணக்குல சேக்கல?"

பெந்தாம் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பெயரையும் காண்ட் பெயரையும் அதற்குப் பிறகுதான் எடுத்தேன். எத்தனை பேருக்கு நன்மை என்று கூட்டிக் கழித்துப் பார்ப்பது பெந்தாம் வழி. எத்தனை பேருக்கு லாபம் வந்தாலும் ஒருத்தன் கிணற்றைக் கெடுக்க உனக்கு உரிமை இல்லை என்பது காண்ட் வழி. அவர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடி முடித்திருந்ததால் பெயர் சொன்னதும் ஒட்டிக்கொண்டது.

இந்தக் கணக்குக்கு நாட்டின் உச்ச நீதிமன்றமே விடை எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. தோல் தொழில் அந்நியச் செலாவணி தருகிறது, வேலை தருகிறது, அதற்காகச் சுற்றுச்சூழலை அழிக்க அதற்கு உரிமை கிடையாது என்பது தீர்ப்பின் சாரம். வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் எடுத்த கணக்குப்படி சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போயிருந்தது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த 35 லிட்டர் தண்ணீர், குரோம் பதனிடுதலில் 170 வகை ரசாயனம் என்றெல்லாம் அந்தத் தீர்ப்பில் வருகிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். கேடு வரும் என்று சந்தேகம் இருந்தாலே முன்கூட்டித் தடுக்க வேண்டும். இந்த இரண்டு கொள்கைகளையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. வட ஆர்க்காடு, திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் டேனரி ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். இந்தியாவில் சட்டம் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் 'வேலூர் வழக்கு' என்று படிக்கிறார்கள். வாலாஜாவில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு அது தெரியவில்லை.

தீர்ப்பைச் சொல்லி முடித்ததும் பிள்ளைகள் முதலாளிகளைத் திட்ட ஆரம்பித்தார்கள். அங்கேயும் நான் நிறுத்த வேண்டியிருந்தது. நம் பக்கத்தில் முன்பு ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுத்தான் தோலைப் பதப்படுத்துவார்கள். கெடுதல் இல்லாத தொழில் என்று அதைச் சொல்ல மாட்டேன், உப்பும் சுண்ணாம்பும் அப்போதும் உண்டு. ஆனால் 1970களில் மத்திய அரசு சீதாராமையா கமிட்டி சொன்னபடி, பச்சைத் தோலையும் பாதி பதப்படுத்திய தோலையும் அனுப்பாதே, முழுசாக முடித்த சரக்காக அனுப்பு, டாலர் கூட வரும் என்று கொள்கையைத் திருப்பியது. குரோமியம் இவ்வளவு பெரிதாக இங்கே இறங்கியதில் அதற்கும் பங்கு உண்டு. குரோமியம் ஏறி டிரம்மிலிருந்து நீலமாக வெளியே வரும் வெட் ப்ளூ தோலை இந்தப் பிள்ளைகள் எல்லாரும் லாரியில் பார்த்திருக்கிறார்கள். அந்த நீலத்துக்குப் பொறுப்பு முதலாளியா, டெல்லியில் கையெழுத்துப் போட்டவரா, வெளிநாட்டில் வாங்கியவரா, அந்தச் சம்பளத்தில் படித்த நாமா? ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் மூடிக் கிடக்கும் ஒரு ரசாயன ஆலை லட்சம் டன்னுக்கும் மேல் குரோமியக் கழிவைக் குவித்துவிட்டுப் போயிருக்கிறது. 2015 ஜனவரி 31 அன்று அதே சிப்காட்டில் டேனரிக் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சகதியில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கழிவைச் சுத்தம் செய்ய என்று கட்டிய இடத்தில் நடந்த சாவு அது. பெந்தாமையும் காண்டையும் வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்லிப் பாருங்கள், பிள்ளைகளுக்கு மட்டுமா, எனக்கும்தான் திணறும்.

இன்னொரு சங்கதி. 2016இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு வழக்கு வந்தது. திருக்குறளின் அறத்துப்பால், பொருட்பால் அதிகாரங்களைப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை சேர்க்க வேண்டும், பிள்ளைகள் ஒழுக்கத்தோடு வளர அது உதவும் என்று நீதிபதி ஆர். மகாதேவன் உத்தரவிட்டார். அதே மகாதேவன் 2024இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2025 ஜனவரி 30 அன்று பாலாற்று டேனரி மாசு வழக்கில், பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்துவிட்டு மாசு செய்தவர்களிடம் அதை வசூலிக்க வேண்டும், கண்காணிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு வேண்டும் என்று தீர்ப்பளித்த இருவர் அமர்வில் ஜே.பி. பர்திவாலாவோடு அவரும் இருந்தார். குறளைப் பள்ளிக்குள் அனுப்பிய நீதிபதியே பாலாற்றுக்கும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். இரண்டையும் ஒரே பாடமாக நடத்த மட்டும் நம்மிடம் பீரியட் இல்லை.

இதைச் சொன்னால் ஆசிரியர் நண்பர்கள் ஒரு பயத்தைச் சொல்வார்கள். அறம் என்று ஆரம்பித்தால் மதம் வந்துவிடும், பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். நியாயமான பயம்தான். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்று அரசியல் சாசனத்தின் 28ஆவது பிரிவே சொல்கிறது. 1948–49இல் ராதாகிருஷ்ணன் தலைமையில் நடந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவும் இதே முடிச்சில்தான் மாட்டியது. வகுப்பு தொடங்கும் முன் சில நிமிட மௌனம், முதல் வருடம் எல்லாச் சமயப் பெரியவர்களின் வாழ்க்கை, இரண்டாம் வருடம் பொதுவான பகுதிகளை எல்லா வேதங்களிலிருந்தும் எடுத்துப் படிப்பது, மூன்றாம் வருடம் சமயத் தத்துவத்தின் முக்கியச் சிக்கல்கள் என்று பரிந்துரைத்தது. மரியாதையோடு சொல்கிறேன், எனக்கு அந்த வரிசை தலைகீழாகத் தெரிகிறது. சிக்கலை முதலில் கொடுத்திருக்கலாம். ஹாக் அவருக்குக் கொடுத்தது அதைத்தானே? முஸ்லிம், கிறித்தவ, இந்துப் பிள்ளைகள் கலந்து உட்காரும் என் டியூஷனில் டேனரிக் கணக்கைப் போட்டபோது ஒருவரும் மதத்தை இழுக்கவில்லை. இழுக்க நேரமே இல்லை.

வேறு இடங்களில் செய்யாத காரியமும் இல்லை இது. இங்கிருந்து பஸ் பிடித்தால் போய்விடக்கூடிய புதுச்சேரியில், 1826இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். பிரான்சில் போலவே அங்கும் பள்ளியின் கடைசி வருடம் தத்துவம் உண்டு. பிரெஞ்சுப் பள்ளி இறுதித் தேர்வின் தத்துவத் தாள் நான்கு மணி நேரம். ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு பக்கம் பக்கமாக வாதாட வேண்டும், பொருத்துக கிடையாது. கேரளாவில் மேல்நிலை வகுப்பில் தத்துவம் ஒரு விருப்பப் பாடம். இலங்கையில் உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞான முறையும் என்ற பாடத்தைப் பிள்ளைகள் தமிழிலேயே எழுதுகிறார்கள்.

நம் ஊரில் அறவியல் எங்கே கிடைக்கிறது தெரியுமா? கோச்சிங் சென்டரில். 2013இல் யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் அறவியல், நேர்மை, உளச்சார்பு என்று நான்காவது பொது அறிவுத் தாளைச் சேர்த்தார்கள், 250 மதிப்பெண். அதில் ஏறக்குறைய பாதி, நான் போர்டில் எழுதியது மாதிரியான கணக்குகள்தான். இருபத்திரண்டு வயதில் பணம் கட்டி, கலெக்டர் ஆக ஆசைப்படும் பிள்ளை மட்டும் படிக்கிறது. கலெக்டர் ஆகாமல் கடை வைக்கப்போகிற பிள்ளைக்கும், டேனரியில் சூப்பர்வைசர் ஆகப்போகிற பிள்ளைக்கும் அது வேண்டாமா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பிளஸ் ஒன் சேர்க்கை ஆரம்பித்துவிடும். உங்கள் வீட்டுப் பிள்ளை கலைப்பிரிவு எடுப்பதாக இருந்தால், பள்ளியில் 'அறவியலும் இந்தியப் பண்பாடும்' உண்டா என்று தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்றுதான் சொல்வார். பரவாயில்லை, நாலு பெற்றோர் கேட்டது அவர் காதில் விழட்டும். ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: 1996 தீர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஆங்கிலத்தில். கணக்கு சார் கேட்டு வருவதற்குள் ஒரே ஒரு நீதிபோதனை பீரியடில் அதன் இரண்டு பக்கத்தைத் தமிழில் சொல்லிவிட்டு, பிள்ளைகளைப் பேச விடுங்கள்.